மெடிக்கல் ஷாப்ல தப்பு மருந்து போகாம பாத்துக்கறது எப்படி: சரக்கு இறங்குறதுல இருந்து கஸ்டமர் கை வரைக்கும்

டி.ஃபார்ம் (ஃபார்மசி டிப்ளமோ) முடிச்சுட்டு கடைக்கு வர்ற பசங்க எல்லாருமே முதல் நாளே கவுன்ட்டர்ல நிக்கணும்னுதான் ஆசைப்படுறாங்க. நான் விடமாட்டேன். முதல் ரெண்டு வாரம் பின்னாடி பெட்டி பிரிக்கிற வேலைதான், ஏன்னா கவுன்ட்டர்ல தப்பு மருந்து போச்சுன்னா அந்தத் தப்பு பெரும்பாலும் அங்க ஆரம்பிச்சிருக்காது, நாலு நாள் முன்னாடி சரக்கு இறக்கினப்பவோ ரேக்ல வச்சப்பவோ ஆரம்பிச்சிருக்கும், கவுன்ட்டர்ல நிக்கிறவர் கையில வந்து முடியுது.

அதனால வரிசையாவே எழுதுறேன். இந்த வரிசையை மாத்தாதீங்க, ஒரு படியை விட்டா அடுத்த படி அதைப் பிடிச்சுக்கும்னு நம்பியும் இருக்காதீங்க.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்க வேண்டியது

மருந்து சில்லறையா விக்கறதுக்கான ஃபார்ம் 20, ஃபார்ம் 21 லைசன்ஸ் ரெண்டும் கண்ணுக்குத் தெரியற இடத்துல மாட்டணும், ரீட்டெய்ல் கடைக்கு குறைஞ்சது 10 சதுர மீட்டர் இடம் வேணும். இதெல்லாம் லைசன்ஸ் எடுக்கும்போதே முடிஞ்சிருக்கும்.

அதை விட முக்கியம் ஆள். 1948 ஃபார்மசி சட்டத்தோட 42வது பிரிவுப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து குடுக்க பதிவு பண்ணின ஃபார்மசிஸ்ட்தான் வேணும். சர்டிஃபிகேட் மட்டும் சுவத்துல தொங்கி ஆள் இல்லேன்னா கீழ சொல்ற எந்தப் படியும் நிக்காது, ஏன்னா பாதிப் படியில "இது சரியா, குடுக்கலாமா"ன்னு முடிவு எடுக்க ஒருத்தர் வேணும், அதை பில் போடுற தம்பி தலைல கட்டக்கூடாது.

பொருள்னு பாத்தா பெருசா செலவு இல்ல. ரூம் தெர்மாமீட்டர் ஒண்ணு, ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கிற மேக்ஸ்-மின் தெர்மாமீட்டர் (அதிகபட்சம் எவ்ளோ ஏறுச்சு, குறைஞ்சபட்சம் எவ்ளோ இறங்குச்சுன்னு பதிஞ்சு வைக்கிறது) ஒண்ணு, மாத்திரை எண்ற ட்ரே, நல்ல கத்தரிக்கோல், பெர்மனன்ட் மார்க்கர், காலை மதியம் இரவுன்னு அச்சடிச்ச காகிதக் கவர், கடை பேரும் முகவரியும் தேதியும் விழற ரப்பர் ஸ்டாம்ப், ஹெச்1 ரிஜிஸ்டர் (கட்டுப்பாடு அதிகமான மருந்தை எழுதி வைக்கிற தனி நோட்டு, 8வது படில சொல்றேன்), பேட்ச் நம்பரோட (ஒரே தடவைல தயாரான மருந்துக்கெல்லாம் கம்பெனி போடுற எண்) பில் போடுற சாஃப்ட்வேர். அப்புறம் "விற்பனைக்கு அல்ல"ன்னு எழுதி ஒட்டின மூடி போட்ட பெட்டி ஒண்ணு. இந்தப் பெட்டியைத்தான் எல்லாரும் மறக்குறாங்க. பெட்டி இல்லேன்னா எக்ஸ்பயரி ஆன மருந்து "அப்புறம் எடுத்துக்கலாம்"னு ரேக்லயே உக்காந்திருக்கும்.

2. சரக்கு இறக்குறது

முதல்ல தெர்மாகோல் பெட்டி. மத்த பெட்டி நாப்பது வந்திருந்தாலும் சரி, ஃபிரிட்ஜ் சரக்கை முதல்ல பிரிச்சு உள்ள வைங்க. ஐஸ் பேக்கைத் தொட்டுப் பாருங்க, உருகி வெதுவெதுப்பா இருந்தா கையெழுத்து போடாம அப்பவே திருப்பி அனுப்புங்க. சரக்கு கொண்டு வந்த பையன் முகத்தைப் பாத்து பாவம்னு வாங்கி வச்சா இன்சுலின் கெட்டுதா இல்லையான்னு அதுக்கப்புறம் கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியாது.

அப்புறம் பில்லை வச்சு ஒவ்வொண்ணா ஒப்பிடணும். பேரு, பவர், பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி, எம்ஆர்பி. புதுசா வர்றவங்க எண்ணிக்கை மட்டும் எண்ணிட்டு சரின்னுடுறாங்க. பில்லுல 500 இருக்கும், பெட்டில 1000 இருக்கும், பேரும் கலரும் அதே.

இன்னொரு தப்பு சாஃப்ட்வேர்ல. மருந்துப் பேரை அடிச்சதும் போன தடவை வந்த பேட்ச் நம்பர் தானா வந்து நிக்கும், பசங்க என்டர் என்டர்னு தட்டிட்டே போயிடுறாங்க. புது சரக்கு பழைய பேட்ச் நம்பர்ல ஏறிடும். பாக்க சின்ன விஷயம்.

ஆனா 2025 அக்டோபர்ல என்ன நடந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான ஒரு இருமல் சிரப்ல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷ ரசாயனம் 48.6 சதவீதம் இருக்குன்னு தமிழ்நாடு லேப் ரிப்போர்ட் வந்துச்சு, இருக்கலாம்ங்கற அளவே 0.1 சதவீதம்தான், மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் சின்னக் குழந்தைங்க கிட்னி போயி செத்தாங்க. இந்த மாதிரி ஒரு அலர்ட் வரும்போது கையில இருக்கறது ஒரு பேட்ச் நம்பர்தான். அந்த பேட்ச் நம்ம கடைக்கு வந்துச்சா, எத்தனை பாட்டில், யார் யார் வாங்கிட்டுப் போனாங்க, இது பத்து நிமிஷத்துல தெரியணும். என்டர் தட்டிட்டுப் போன கடைல தெரியவே தெரியாது.

லைசன்ஸ் இருக்கற டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட பில்லோட மட்டும் வாங்குங்க. பில் இல்லாம ரேட்டு குறைச்சு வர்ற சரக்கு வேண்டாம், டாக்டருக்குக் குடுக்கிற சாம்பிளும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 1ல இருந்து 300 பிராண்டுக்கு பேக்ல க்யூஆர் கோடு கட்டாயம், பெட்டிக்கு ஒண்ணு எடுத்து ஸ்கேன் பண்ணி பேட்ச்சும் எக்ஸ்பயரியும் அச்சடிச்சதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க.

3. ரேக்ல வைக்கிறது

எக்ஸ்பயரி சீக்கிரம் வர்றது முன்னாடி, தள்ளி வர்றது பின்னாடி. புது சரக்கை முன்னாடி தள்ளி வைக்கிறது சுலபம், அதனாலதான் எல்லாரும் அப்படி வைக்கிறாங்க, பின்னாடி பழசு செத்துப் போய் கிடக்கும்.

அட்டைல 12/2026னு இருந்தா டிசம்பர் 31 வரைக்கும்னு அர்த்தம். ஆனா அதை மட்டும் பாத்தா பத்தாது. நவம்பர் கடைசில ஒரு ஐயா மூணு மாசத்துக்கு பிரஷர் மாத்திரை கேட்டா அந்த அட்டையைக் குடுக்கக்கூடாது, வாங்குற தேதி இல்ல, கடைசி மாத்திரையை முழுங்குற தேதியைக் கணக்கு பண்ணுங்க. மாசம் ஒண்ணாம் தேதி உக்காந்து அடுத்த மூணு மாசத்துல எக்ஸ்பயரி ஆகுறதை எல்லாம் லிஸ்ட் எடுத்து தனியா ஒதுக்கிட்டா டிஸ்ட்ரிப்யூட்டருக்கு ரிட்டர்ன் போடவும் நேரம் கிடைக்கும்.

ஒரே மாதிரி பேரு, ஒரே மாதிரி டப்பா இருக்கறதைப் பக்கத்து பக்கத்துல வைக்காதீங்க. கார்பிமசோல், கார்பமசபின். ஹைட்ராக்சிசின், ஹைட்ராலசின். அதை விட மோசம் ஒரே பிராண்டுலயே பல பவர் இருக்கறது. தைராய்டு மாத்திரை லெவோதைராக்சின் 12.5 மைக்ரோகிராமும் இருக்கு, 125ம் இருக்கு. ஒரு புள்ளிதான், ஆனா பத்து மடங்கு. என் கடைல இந்த ரெண்டும் வேற வேற தட்டு, 125 டப்பா மேல சிவப்பு மார்க்கர்ல "நூத்தி இருபத்தஞ்சு"ன்னு எழுத்தாலயே எழுதியிருக்கோம், கை போறதுக்கு முன்னாடி கண் நிக்கணும்ங்கறதுக்காக.

அட்டையைக் கட் பண்ணும்போது பேரும் பேட்ச்சும் எக்ஸ்பயரியும் இருக்கற பக்கத்தை கடைசி வரைக்கும் வச்சுக்கங்க. கஸ்டமருக்குப் போற துண்டுல பேரு இல்லேன்னா கவர்ல போட்டு பேரு, பவர், எக்ஸ்பயரி எழுதிக் குடுங்க. மீதித் துண்டு அதே டப்பாக்குள்ள போகணும். நிறைய கடைல கட் பீஸ் எல்லாத்தையும் ஒரே பிளாஸ்டிக் டப்பால போட்டு வைப்பாங்க, அந்த டப்பாவை இன்னைக்கே எடுத்துருங்க.

மேல் தட்டு வெயில் காலத்துல கொதிக்கும், அதுவும் மேல ஷீட் போட்ட கடைன்னா சொல்லவே வேண்டாம். பேக்ல "30 டிகிரிக்குக் கீழ்"னு போட்டிருந்தா மே மாசம் ஏசி இல்லாத கடை அதைத் தாண்டிடும். தெர்மாமீட்டரை கவுன்ட்டர் பக்கத்துல இல்ல, அந்த மேல் தட்டுல மாட்டுங்க.

4. ஃபிரிட்ஜ்

2ல இருந்து 8 டிகிரி. காலைல கடை திறந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மேக்ஸும் மின்னும் நோட்டுல எழுதி ரீசெட் பண்ணணும். அந்த நேரத்துக்கு எவ்ளோ காட்டுதுன்னு மட்டும் எழுதினா பிரயோஜனம் இல்ல, ராத்திரி கரண்ட் போய் 14 டிகிரிக்கு ஏறி காலைல மறுபடி 5க்கு வந்திருக்கும், மேக்ஸ் பாத்தாத்தான் மாட்டும்.

எல்லாரும் சூடாயிடுமேன்னு மட்டும்தான் பயப்படுறாங்க. உறைஞ்சு போறதும் அதே அளவு ஆபத்து. ஃப்ரீஸருக்கு ஒட்டினாப்ல, பின் சுவத்துல படுறாப்ல இன்சுலின் வைக்காதீங்க. ஒரு தடவை உறைஞ்ச இன்சுலின் உருகி தெளிவா இருந்தாலும் குடுக்கக்கூடாது. கதவுல இருக்கற தட்டும் வேண்டாம், திறந்து மூடுற ஒவ்வொரு தடவையும் அங்கதான் சூடு ஏறும். தண்ணி பாட்டில், டிபன் பாக்ஸ், பால் பாக்கெட் எதுவும் உள்ள போகக்கூடாது, சுத்தம் ஒரு பக்கம், அதுக்காகவே கதவை நாப்பது தடவை திறப்பாங்க.

மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு கரண்ட் போற நாள் முன்னாடியே தெரியும். முந்தின நாளே ஐஸ் பேக் உறைய வச்சு, தெர்மாகோல் பெட்டி ரெடியா வச்சுக்கங்க. இன்சுலினை ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, நடுவுல துணியோ அட்டையோ போடுங்க. பெட்டிக்குள்ளயும் தெர்மாமீட்டர் போகணும்.

கஸ்டமர் வாங்கிட்டுப் போன ஃபிரிட்ஜ் மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் திருப்பி வாங்காதீங்க. "அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு தம்பி"ன்னு சொல்லுவாங்க, உண்மையாக்கூட இருக்கலாம், ஆனா அடுத்து அதை வாங்கப் போறவங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது.

5. சீட்டு படிக்கிறது

ரேக் பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி சீட்டு முழுசா ஒரு தடவை படிங்க. முதல் வரியைப் பாத்ததும் ஓடக்கூடாது. பேஷன்ட் பேரு, வயசு, தேதி, டாக்டர் கையெழுத்து, ரிஜிஸ்டர் நம்பர், அப்புறம் மருந்து, பவர், எத்தனை வேளை, எத்தனை நாள். குழந்தைன்னா எடை. எழுதலேன்னா அம்மாகிட்ட கேளுங்க.

புரியலேன்னா டாக்டருக்கு போன். பக்கத்துல நிக்கிற சீனியர்கிட்ட காட்டி "இது என்னவா இருக்கும்ணா"ன்னு கேட்டு ரெண்டு பேரும் சேர்ந்து ஊகிக்கிறது சரிபாக்குறது ஆகாது. டாக்டர் எடுக்கலேன்னா "கொஞ்சம் பொறுங்க, கேட்டுட்டுத் தரேன்"னு சொல்லுங்க, அஞ்சு பேர் திட்டுவாங்க, பரவாயில்ல.

எழுதின பிராண்ட் இல்லேன்னா நாமளா வேற பிராண்ட் குடுக்கறதும் கூடாது. ஷெட்யூல் ஹெச், எக்ஸ் மருந்துக்கு (டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு சட்டம் பட்டியல் போட்டது), உள்ள இருக்கறது அதே மருந்தா இருந்தாலும், டாக்டர்கிட்ட கேக்காம மாத்தித் தர சட்டத்துல இடமில்ல. கேட்டுட்டு மாத்தினா சீட்டுல அதைக் குறிச்சு வைங்க.

சீட்டே இல்லாம வர்றவங்கதான் பெரிய சோதனை. "போன தடவை குடுத்தீங்களே"ன்னு ஆன்ட்டிபயாட்டிக் ரெண்டு மாத்திரை கேப்பாங்க. அட்டைல ஆர்எக்ஸ்னு இருந்தா சீட்டு வேணும், அவ்ளோதான். போதைக்குப் பயன்படுத்தற வலி மாத்திரை டிரமடால், டாபென்டடால், தூக்க மாத்திரை கேட்டு வர்ற சின்னப் பசங்ககிட்ட தயங்காம இல்லைன்னு சொல்லுங்க, ஊர்ல எத்தனை வீடு இதால அழிஞ்சுருக்குன்னு நமக்குத் தெரியும்.

6. எடுக்கிறது, ரெண்டாவது தடவை பாக்குறது

சீட்டைக் கையில வச்சுக்கிட்டே எடுங்க, மனசுல வச்சுக்கிட்டு இல்ல. ஒரு நேரத்துல ஒரு சீட்டு, ஒரு ட்ரே. ரெண்டு பேர் சீட்டை ஒரே ஓட்டத்துல எடுக்கற வேகம் நல்ல திறமை மாதிரித் தெரியும், அதுலதான் மருந்து மாறும்.

எடுத்தவரும் சரிபாக்குறவரும் வேற ஆளா இருக்கணும். ஒரே ஆள்னா கண் தான் எடுத்ததைத்தான் மறுபடி பாக்கும். தனியா இருக்கற நேரத்துல என்ன பண்றதுன்னா, பில் போட்டு முடிச்சுட்டு கடைசி மருந்துல இருந்து மேல போங்க, சத்தமா பேரையும் பவரையும் படிங்க.

என் கடைல நடந்தது ஒண்ணு. தைராய்டு அதிகமா சுரக்குற ஒரு அக்கா, சீட்டுல கார்பிமசோல். புதுசா சேந்த தம்பி எடுத்துட்டு வந்தது கார்பமசபின், அது வலிப்புக்கு. பில்லும் போட்டாச்சு, கவர்ல போட்டாச்சு. கவரை நீட்டும்போது நான் எப்பவும் கேக்கற கேள்வியைக் கேட்டேன், "எதுக்குக்கா இது சாப்பிடுறீங்க?" அவங்க கழுத்துல கை வச்சு "தைராய்டுக்கு தம்பி"ன்னாங்க. கவருக்குள்ள இருந்த அட்டையைப் பாத்ததும் எனக்கு கை சில்லுனு ஆயிடுச்சு. அந்தத் தம்பியைத் திட்டி என்ன பண்றது, ரெண்டையும் பக்கத்து பக்கத்துல எழுத்து வரிசைப்படி அடுக்கச் சொன்னது நான்தான். அன்னைக்கு சாயங்காலமே ரேக் மாத்தினோம்.

அதனால அந்தக் கேள்வியை எல்லார்கிட்டயும் கேளுங்க. "சுகருக்கா?"ன்னு கேக்காதீங்க, ஆமான்னு தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. "எதுக்கு?"ன்னு கேட்டு அவங்க வாயால வரணும்.

7. சொல்லிக் குடுக்கிறது

சரியான மருந்து போயும் வீட்ல தப்பா சாப்பிட்டா நம்ம வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. எல்லா மருந்துக்கும் நீளமா சொல்ல நேரம் கிடையாது, ஆனா கீழ இருக்கற நாலுக்கும் ஆள் வரிசைல நின்னாலும் நிறுத்தி சொல்லணும்.

குழந்தைங்க காய்ச்சல் மருந்து. பாரசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் ஒண்ணு, 250 ஒண்ணு. சொட்டு மருந்து 1 மில்லிக்கே 100 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100ல இருந்து 150 மில்லிகிராம் போதும். போன தடவை சிரப் வாங்கி 5 மில்லி குடுத்துப் பழகின அம்மா, இந்த தடவை சொட்டு மருந்தை அதே 5 மில்லி ஊத்தினா 500 மில்லிகிராம் உள்ள போகும். பாட்டிலைக் கையில எடுத்து, அதோட வர்ற ட்ராப்பர்ல எந்தக் கோடு வரைக்கும்னு மார்க்கரால கோடு போட்டுக் குடுங்க. வீட்டு ஸ்பூன் வேண்டாம்னு சொல்லுங்க, ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒரு அளவு.

சளி மருந்துல குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேந்தது இருந்தா 4 வயசுக்குக் கீழ குடுக்கக்கூடாதுன்னு பேக்லயே போடச் சொல்லி 2023 டிசம்பர்ல உத்தரவு வந்திருக்கு. காய்ச்சல், வலிக்குக் குடுக்கற நிமெசுலைட் 12 வயசுக்குக் கீழ கிடையாது. பழைய சீட்டை எடுத்துட்டு தம்பி பாப்பாக்கும் அதே மருந்து கேட்டு வர்றவங்களை நிறுத்துங்க.

இன்சுலின் சிரிஞ்ச். நம்ம ஊர்ல வர்ற இன்சுலின் பாட்டில் நிறைய 1 மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினை சிவப்பு மூடில 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 50 யூனிட், சுகர் தடால்னு இறங்கி ஆளே மயங்கிடுவாங்க. மாத்தி, 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடில இழுத்தா 20க்கு 8தான் போகும், சுகர் இறங்கவே இறங்காது, டாக்டர் டோஸ் ஏத்துவாரு. சிரிஞ்ச் மட்டும் கேட்டு வந்தாலும் "எந்த இன்சுலின், பாட்டில் காட்டுங்க"ன்னு கேக்காம குடுக்காதீங்க.

மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் எழுதினா இது வாரம் ஒரு தடவை. தினமும் சாப்பிட்டா ரத்த அணுக்கள் இறங்கி உயிருக்கே ஆபத்து. "வாரம் ஒரு நாள்"னு எழுதினா பத்தாது, எந்தக் கிழமைன்னு டாக்டர் சீட்டுல இல்லேன்னா கேட்டு, கவர்ல "ஞாயிறு மட்டும்"னு கொட்டை எழுத்துல எழுதுங்க. படிக்கத் தெரியாத பாட்டின்னா கூட வந்தவங்களை வரச் சொல்லுங்க.

பவுடரா வர்ற ஆன்ட்டிபயாட்டிக் சிரப். முதல்ல பாட்டிலைத் தட்டி பவுடரை உதிர்த்துட்டு, கொதிச்சு ஆறின தண்ணி பாதி ஊத்திக் குலுக்கி, அப்புறம் குறி வரைக்கும் ஊத்தி மறுபடி குலுக்கணும். ஒரே தடவைல முழுசா ஊத்தினா நுரை மேல நிக்கும், தண்ணி குறையும், மருந்து கெட்டியாயிடும். அமாக்சிசிலின்-கிளாவுலனேட்னா ஃபிரிட்ஜ்ல வச்சு 7 நாள்தான், மீதியை அடுத்த காய்ச்சலுக்குன்னு எடுத்து வைக்கக்கூடாது.

சொல்லி முடிச்சதும் "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க. "வீட்டுக்குப் போய் எப்படிக் குடுப்பீங்க, சொல்லுங்க"ன்னு கேளுங்க.

8. எழுதி வைக்கிறது

குடுத்த உடனே எழுதணும், ராத்திரி கடை சாத்தும்போது இல்ல. ராத்திரி எழுதினா பேரு மறந்து இருக்கற ஸ்டாக்குக்கு ஏத்த மாதிரி எழுதத் தோணும், அது எழுதாததை விட மோசம்.

ஷெட்யூல் ஹெச்1 மருந்துக்கு, அதாவது அட்டைல சிவப்பு ஆர்எக்ஸும் சிவப்புக் கட்டமும் இருக்கறதுக்கு, டாக்டர் பேரு முகவரி, பேஷன்ட் பேரு, மருந்துப் பேரு, எத்தனை குடுத்தோம், இது தனி ரிஜிஸ்டர்ல ஏறணும், 3 வருஷம் வச்சிருக்கணும். 2014 மார்ச் 1ல இருந்து இது சட்டம். டிபி மருந்தும் இதுலதான் வரும், அந்த பேஷன்ட் விவரத்தை சுகாதாரத் துறைக்கும் தெரியப்படுத்தணும்னு 2018ல ஆணை இருக்கு, நடுவுல மருந்தை விட்டவங்களைத் தேடிப் பிடிக்க அதுதான் வழி. ஷெட்யூல் எக்ஸ்னா ஃபார்ம் 20எஃப் லைசன்ஸ் இல்லாம வைக்கவே கூடாது, இருந்தா பூட்டின அலமாரில, சீட்டு ரெண்டு காப்பி, ஒண்ணு நம்மகிட்ட 2 வருஷம்.

ஹெச் மருந்து குடுத்த சீட்டுல ஸ்டாம்ப் அடிங்க. ஸ்டாம்ப் இல்லேன்னா அதே சீட்டை வச்சு இன்னும் மூணு கடைல வாங்க முடியும்.

9. எக்ஸ்பயரியும் அலர்ட்டும்

எக்ஸ்பயரி ஆனது அந்தப் பெட்டிக்கு, பெட்டில இருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்கு. குப்பைத் தொட்டிக்கு இல்ல, பொறுக்கி எடுத்து யாராவது விப்பாங்க. மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாசாமாசம் தரமில்லாத மருந்து லிஸ்ட் போடுது, அது வந்த அன்னைக்கே ஒரு ஆள் உக்காந்து நம்ம ஸ்டாக்கோட பேட்ச் ஒப்பிடணும். இருந்தா முதல்ல ரேக்ல இருந்து எடுங்க, அப்புறம் போன் பண்ணுங்க, வாங்கினவங்களுக்கும் சேர்த்து.

10. தப்பு போயிடுச்சுன்னா

பில்லுல கஸ்டமர் போன் நம்பர் வாங்கச் சொல்றது இதுக்குத்தான். ஸ்டாக் எண்ணும்போது ஒண்ணு குறைஞ்சு இன்னொண்ணு கூடியிருந்தா, அதே நிமிஷம் பில் பாத்து கூப்பிடுங்க. முதல் வார்த்தை "அந்த மாத்திரையைச் சாப்பிடாதீங்க". அடுத்து "சாப்பிட்டாச்சா, எத்தனை, இப்ப எப்படி இருக்காங்க". சாப்பிட்டிருந்தா எழுதிக் குடுத்த டாக்டருக்கு உடனே சொல்லிட்டு சரியான மருந்தோட வீட்டுக்கே ஆள் அனுப்புங்க. மன்னிப்பு கேக்கறதுக்கு கௌரவம் பாக்காதீங்க. போன் எடுக்கலேன்னா முகவரிக்குப் போங்க.

சரியான மருந்தே ஒத்துக்காம உடம்பெல்லாம் தடிச்சு, வீங்கி வந்தாங்கன்னா முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, மருந்துப் பேரும் பேட்ச்சும் வச்சு 1800-180-3024க்குச் சொல்லுங்க, மருந்து பக்க விளைவுக்குன்னே இருக்கற இலவச நம்பர் அது.

கடைசியா ஒரு நோட்டு. கவுன்ட்டருக்குக் கீழ, யார் வேணா எடுக்கற இடத்துல. மாற இருந்து கடைசி நிமிஷத்துல பிடிச்சதையும் அதுல எழுதணும்: தேதி, எந்த மருந்து எந்த மருந்தா மாறுச்சு, எந்தப் படில பிடிச்சோம். யார் பண்ணினதுன்னு பேரு எழுதக்கூடாது, பேரு எழுத ஆரம்பிச்சா அடுத்த வாரமே நோட்டு வெறுமையாயிடும். எங்க நோட்டோட முதல் பக்கத்துல கார்பிமசோல்தான் இருக்கு, புதுசா சேர்ற ஒவ்வொருத்தரும் பெட்டி பிரிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு, போய் அந்த ரெண்டு டப்பாவும் இப்ப எங்கெங்க இருக்குன்னு பாத்துட்டு வரணும்.